சிப்பி கரைந்த இடம்

விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ புதுச்சேரி நோக்கிச் செல்கையில், கருங்கல் நிலம் பின்தங்கிச் செம்மண் மேடுகள் தொடங்குவதைக் காண்கிறோம். வழுதாவூர், வானூர்ப் பக்கங்களில் அச்செம்மண்ணுக்கு அருகிலும் அடியிலும், ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் கிடக்கிறது.

1840களில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் இப்பகுதியில் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். புதுச்சேரிப் படிவுகள் கிரிட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என அவர் கணித்தார். அவை அக்காலத்தின் இறுதியைச் சேர்ந்தவை எனப் பிந்தைய ஆய்வுகள் திருத்தின. பிளான்ஃபோர்டின் 1862ஆம் ஆண்டு அறிக்கையோடு வழுதாவூர் என்ற சிற்றூரின் பெயர் பாறையடுக்கின் பெயராயிற்று.

இவர்கள் அனைவரும் சிப்பியைப் பார்த்தவர்கள். அடுத்த நூற்றாண்டின் எண்ணெய்த் துறையோ சிப்பி கரைந்தபின் எஞ்சிய வெற்றிடத்தைப் பார்க்கத் தொடங்கியது. மணற்கல்லில் துளை பெரும்பாலும் மணிகளுக்கு இடையில் இருக்கும். சுண்ணாம்புக்கல் அவ்வாறன்று. அது உயிர்களின் ஓடுகளால் ஆனது, நீரில் கரைவது, கரைந்தது மீண்டும் படிந்து துளையை அடைப்பதும் உண்டு. 1962இல் டன்ஹாம் இக்கற்களை அமைப்பின்படி வகுத்தார். 1970இல் சோக்கெட்டும் பிரேயும் துளைகளையே வகைப்படுத்தினர்.

இது வெறும் பெயரிடும் வேலையா? அல்ல. இரு கற்களில் வெற்றிடத்தின் அளவு ஒன்றாகவே இருக்கலாம். ஒன்றில் துளைகள் தொடர்புற்றிருக்கும். மற்றதில் ஒவ்வொன்றும் கதவில்லா அறையாகத் தனித்திருக்கும். முன்னதில் எண்ணெய் ஓடும். பின்னதில் அடைபட்டுக் கிடக்கும். மின்தடையை அளந்து எண்ணெயைக் கணிக்கும் ஆர்ச்சியின் 1942ஆம் ஆண்டுச் சூத்திரம் மணற்கல்லை வைத்து எழுந்தது. தனித்த துளைகள் மலிந்த சுண்ணாம்புக்கல்லுக்கு அதே எண்களை இட்டால், நீர் குறைவாகவும் எண்ணெய் மிகையாகவும் தோன்றும். இல்லாத செல்வத்தை நம்பிக் கிணறு தோண்ட நேரும். 1974இல் கண்டறியப்பட்ட பம்பாய் ஹையின் முதன்மைத் தேக்கமும் சுண்ணாம்புக்கல்லே. ஆகவே இக்கணக்கு நம் நாட்டுக்கும் உரியது.

வழுதாவூர்க் கல் எண்ணெய்க்குப் பெயர் பெற்றதன்று. ஆயினும் வானூர் உழவர் ஆழ்துளைக் கிணற்றில் தேடும் நீரும் பாறையின் துளைகளில்தான் தங்குகிறது. எவ்வளவு இருக்கிறது என்பதோடு எவ்வளவு வந்து சேரும் என்றும் கேட்க வேண்டியவர்கள் எண்ணெய்ப் பொறியாளர்கள் மட்டும் அல்லர், நாமும்தான்.