வாயிற்கதவைத் தூக்கியவன்

'ஜுராசிக் பார்க்' (1993) வந்த புதிதில் கொட்டகையில் பார்த்தேன். கழிப்பறையில் ஒளிந்த வக்கீலை டைனோசர் கவ்வித் தூக்கியபோது சனங்கள் விசிலடித்தார்கள். நானும்தான் அடித்தேன். சமீபத்தில் மறுபடி பார்த்தபோது வேறொரு சாவு உறுத்தியது. படமே அதில்தான் தொடங்குகிறது. இரவு. கூண்டுப் பெட்டியின் மேல் ஏறி ஒரு தொழிலாளி கதவைத் தூக்குகிறான். உள்ளே இருக்கிற மிருகம் பெட்டியை முட்ட, அவன் சறுக்கி விழுகிறான், இழுபட்டுப் போகிறான். அவன் பெயரை மேலதிகாரி கூப்பிடுவது காதில் விழுகிறது. அவ்வளவுதான். அதற்கடுத்த காட்சியில் அவன் ஒரு தொகையாகிவிடுகிறான். குடும்பத்தார் இரண்டு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள், முதலீட்டாளர்கள் மிரண்டிருக்கிறார்கள், எனவே நிபுணர்கள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார் வக்கீல்.

ஆக, மொத்தக் கதையும் நகர்வது ஒரு கூலியாளின் சாவால்தான். அந்தச் சாவை விசாரிக்கப் போகிற குழுவில் யார் யார்? புதைபடிவ ஆய்வாளர்கள் இரண்டு பேர், ஒரு கணிதக்காரர், முதலீட்டாளர்களின் வக்கீல். செத்தவனோடு நின்று வேலை பார்த்த ஒருத்தர்கூட இல்லை. அதுபற்றிப் பிரதிக்குக் கூச்சமும் இல்லை. அபாயத்தை யார் மதிப்பிடுவது என்ற கேள்வி எழுவதற்கு முன்பாகவே டைனோசர்கள் வேலியை உடைத்துவிடுகின்றன.

இந்தக் கேள்வி எழுந்த ஊர் ஒன்று உண்டு. அந்தச் சரித்திரத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1970களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் பால் பெர்க், எஸ்வி40 என்கிற குரங்கு வைரஸின் டிஎன்ஏவை வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருந்தார். வெள்ளெலிகளுக்குப் புற்றுக்கட்டி உண்டாக்கும் வைரஸ் அது. ஒட்டியதை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துவது திட்டம். ஈ.கோலை குடியிருப்பது நம் குடலில். வெளியே தப்பினால் என்ன ஆகும் என்று சக விஞ்ஞானிகள் கேட்டார்கள். பெர்க் அந்தக் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டார். 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் அந்நிய மரபணுவை பாக்டீரியாவுக்குள் வளர்க்கும் எளிய வழியைக் கண்டார்கள். இனி நல்ல ஆய்வுக்கூடம் எதிலும் இதைச் செய்யலாம் என்றானது. 1974 ஜூலையில் பெர்க் தலைமையில் ஒரு குழு, சிலவகைச் சோதனைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும்படி சக விஞ்ஞானிகளுக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதியது. 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாக் கடற்கரையில் அசிலோமார் என்ற இடத்தில் மாநாடு கூடியது. அபாயத்தின் அளவுக்கேற்பப் பாதுகாப்பு அடுக்குகளை வகுத்துவிட்டு ஆய்வைத் தொடரலாம் என்று முடிவானது.

விஞ்ஞானிகள் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொண்ட அபூர்வத் தருணம் என்று இதைச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் உயிரியல் ஆயுதங்கள், மனித மரபில் கைவைப்பது சரியா என்ற அறக் கேள்வி, இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுத்தான் பேசினார்கள். இன்னொன்று. நிறுத்திவைப்புக் கடிதத்திற்கும் அசிலோமாருக்கும் நடுவே, 1974 நவம்பரில், கோஹன்-போயர் முறைக்குக் காப்புரிமை கேட்டு ஸ்டான்ஃபோர்ட் விண்ணப்பித்தாயிற்று. அச்சம் மேடையில் பேசப்பட்டபோதே சொத்துப் பத்திரம் தயாராகிக்கொண்டிருந்தது.

இனி கேம்பிரிட்ஜ். இங்கிலாந்தில் இருப்பதல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஊர். ஹார்வர்டும் எம்ஐடியும் அங்கேதான். 1976இல் ஹார்வர்ட் தன் பழைய உயிரியல் கட்டடத்தில் 'பி3' என்கிற உயர் பாதுகாப்புக் கூடம் கட்ட நினைத்தது. அந்தக் கட்டடத்தில் ஒழிக்கவே முடியாத எறும்புத் தொல்லை. எறும்பைத் தடுக்க முடியாத சுவர் பாக்டீரியாவை எப்படித் தடுக்கும் என்ற கேள்விக்கு முனைவர் பட்டம் தேவையில்லை. கேட்டவர்களில் அந்தத் துறைக்காரர்களே இருந்தார்கள். நோபல் பெற்ற ஜார்ஜ் வால்ட், அவர் மனைவியும் உயிரியலாளருமான ரூத் ஹப்பர்ட், 'மக்களுக்கான அறிவியல்' குழுவினர்.

மேயர் ஆல்ஃபிரெட் வெலூச்சி இத்தாலிய வழித் தொழிலாளர் குடியிருப்பின் அரசியல்வாதி. ஹார்வர்டோடு அவருக்குத் தீராத வாய்க்கால் தகராறு. பல்கலையின் முற்றத்தை வாகன நிறுத்தமாக்குவேன் என்று மிரட்டியவர். 1976 ஜூன் 23 அன்று, தேசிய சுகாதார நிறுவனம் தன் விதிகளை வெளியிட்ட அதே நாள், நகர மன்றத்தில் விசாரணை வைத்தார். ஃபிராங்கன்ஸ்டைன் பூச்சாண்டி காட்டுகிறார் என்று கேலி செய்தார்கள். ஜூலையில் மூன்று மாதத் தடை வந்தது, பிறகு நீண்டது. நகரம் ஒரு மக்கள் குழுவை அமைத்தது. சூட்டு எண்ணெய் வியாபாரி, கன்னிகாஸ்திரி, கட்டடப் பொறியாளர், மருத்துவர், தத்துவம் படித்தவர், குடியிருப்புக்காக வேலை செய்கிற பெண் எனப் பலதரப்பட்டவர்கள். மூலக்கூறு உயிரியலாளர் எவரும் இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து, இரு தரப்பையும் கேட்டு, பாடம் படித்தார்கள்.

1977 ஜனவரியில் அறிக்கை. ஆய்வு நடக்கலாம், ஆனால் மைய அரசின் விதிகளைவிடக் கறாரான நிபந்தனைகளோடு. அதிலொன்றுதான் என்னை நிறுத்தியது. நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவில் ஆய்வுக்கூட உதவியாளர்களின் பிரதிநிதியும், நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத ஊர்க்காரர் ஒருவரும் இருக்கணும். பெட்டியின் மேல் ஏறுகிறவனுக்கு நாற்காலி போட்டார்கள், அவ்வளவு எளிமையாக. பிப்ரவரியில் நகரம் அதைச் சட்டமாக்கியது.

இயக்க நண்பர்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று அஞ்சிய கொள்ளைநோய் அந்தச் சோதனைகளிலிருந்து வரவில்லை. சில ஆண்டுகளிலேயே விதிகள் தளர்ந்தன. அப்படியானால் ஊர்க்காரர்கள் வீணாகப் பயந்தார்களா? 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலையில் பெரியம்மை ஆய்வுக்கூடத்துக்கு மேல்தளத்தில் வேலை செய்த ஜேனட் பார்க்கர் பெரியம்மையால் செத்துப்போனார். அவர் விஞ்ஞானி இல்லை, மருத்துவப் புகைப்படக்காரர். அது மரபணு ஆய்வு இல்லைதான். ஆனால் அபாயம் எந்தப் படிக்கட்டு வழியாக யாரிடம் போகும் என்பதைக் கீழ்த்தளத்து நிபுணர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

எனக்குள்ள சிக்கல் வேறு. கேம்பிரிட்ஜ் குழுவிடம் விடப்பட்ட கேள்வி 'பாதுகாப்பானதா?' என்பது மட்டுமே. 'யாருடையது?' என்று கேட்க அதற்கு அதிகாரமில்லை. அந்தப் பதில் வேறிடத்தில் எழுதப்பட்டது. 1976இலேயே போயர் ஜெனன்டெக்கைத் தொடங்கியிருந்தார். 1980 ஜூனில் ஆனந்த சக்கரவர்த்தியின் எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்தது. அக்டோபரில் ஜெனன்டெக் பங்கு 35 டாலரில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் 88ஐத் தொட்டது. 1982இல் பயோஜென் கேம்பிரிட்ஜுக்கே வந்தது. விதி தெளிவாக இருந்த ஊர் கம்பெனிகளுக்கும் வசதியாகிப்போனது. அந்தக் கன்னிகாஸ்திரியும் எண்ணெய் வியாபாரியும் சேர்ந்து மூலதனத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்தார்களா? ஒருபாதி ஆமாம் என்றுதான் படுகிறது. ஆனாலும் கூடத்துக்குள் வேலை செய்பவருக்குக் கிடைத்த அந்த நாற்காலியைச் சின்ன விஷயம் என்று தள்ள எனக்கு மனசில்லை. கேட்கும் உரிமை முதலில் அங்கிருந்துதான் கிடைத்தது. அடுத்த கேள்வியை நாம் கேட்கத் தவறினோம்.

படத்துக்கு வருகிறேன். அதில் பேரழிவுக்குக் காரணம், சம்பளம் போதவில்லை என்று புலம்பிய ஒரு கணினிக்காரனின் துரோகம். இயற்கையை யாரும் கட்டுப்படுத்த முடியாது என்ற தத்துவம் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. மூல நாவலில் முதலாளி சாகிறார். படத்தில் பேரப்பிள்ளைகளோடு ஹெலிகாப்டரில் ஏறிப் போகிறார். இசை உயர்கிறது.

கதவைத் தூக்கியவன் குடும்பத்தின் வழக்கு என்ன ஆனது என்று படம் சொல்வதில்லை.