மகப்பேறின்மையும் ஆடவர் நோயும்: ஒரு மருத்துவ வரலாற்றுக் குறிப்பு

மாமல்லபுரத்திற்கு வடக்கே கடலோரம் அமைந்த கோவளம், ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் ‘ஸஆதத் பந்தர்’ என வழங்கிய துறையாகும். நபித்தோழர் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலமென மக்கள் போற்றும் தர்கா இங்குள்ளது. செங்கற்பட்டு வட்டாரத்திலிருந்து சமய வேறுபாடின்றி வருவோரின் வேண்டுதல்களுள் பிள்ளைப்பேறும் ஒன்று. அவ்வேண்டுதலைச் சுமந்து வருபவள் பெரும்பாலும் மனைவியே. கணவன் துணைக்கு வருகிறான். குறை அவளுடையதே என்னும் இவ்வெண்ணம் நம் மறைக்கும் மருத்துவ மரபுக்கும் உடன்பாடானதன்று.

தமிழில் ‘மலடி’ நாளும் கேட்கும் வசைச்சொல். ‘மலடன்’ அகராதியில் உறங்குகிறது. திருக்குர்ஆனின் அஷ்ஷூரா அத்தியாயம் (42:50) ஆளும் ‘அகீம்’ என்ற சொல்லோ அரபியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இப்னு ஸீனாவும் (இறப்பு 1037) தமது ‘அல்கானூன்’ பெருநூலில் மகப்பேறின்மைக்கான காரணங்களை இருபாலாரிடத்தும் தேடுகிறார்.

ஆடவரின் காரணங்களுள் ஒன்று விதைப்பை நாளப்புடைப்பு. மருத்துவர் இதனை வெரிகோசீல் என்பர். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமானியரான செல்ஸஸ், நாளங்கள் புடைத்துச் சுருள்வதையும், அப்பக்கத்து விதை ஊட்டம் குன்றி மற்றதினும் சிறுப்பதையும் எழுதிவைத்தார். குர்துபாவை அடுத்த ஸஹ்ரா நகரின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (இறப்பு 1013) ‘தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியில் இதற்குரிய அறுவை முறையைத் தனி இயலில் விளக்கினார். அரபு மருத்துவர் நாளப்புடைப்புக்கு இட்ட பெயர் ‘தவாலி’. ‘தாலியா’ என்பது திராட்சைக்கொடி. முறுக்கிக் கிடக்கும் நாளத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

எனினும் பிள்ளையின்மையோடு இதற்குள்ள தொடர்பு மருத்துவ உலகின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது 1952க்குப் பின்னரே. விந்தில் உயிரணுவே இல்லாதிருந்த ஒருவர் இவ்வறுவைக்குப் பின் தந்தையானதை எடின்பரோவைச் சேர்ந்த டல்லக் அவ்வாண்டு வெளியிட்டார். இடப்பக்க நாளம் நீண்டு உயர்ந்து, சிறுநீரக நாளத்தில் ஏறத்தாழச் செங்குத்தாக இணைகிறது. அதன் தடுக்கிதழ்கள் தளர்ந்தால் குருதி கீழே தேங்கும். உடலினும் குறைந்த வெப்பத்தில் இயங்கவேண்டிய விதை அதனால் சூடேறுகிறது.

நூறு ஆடவரில் ஏறத்தாழப் பதினைவருக்கு இப்புடைப்பு உண்டு. அவருள் மிகப் பலர் பிள்ளை பெற்றவரே. ஆயினும் கேடு சிலரிடத்தில் ஆண்டுதோறும் வளரக்கூடும். 1993இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒருமுறையும் தந்தையாகாதவருள் 35 விழுக்காட்டினருக்கும், முன்பு தந்தையாகிப் பின்னர் இயலாதுபோனவருள் 81 விழுக்காட்டினருக்கும் இந்நோய் காணப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் யாவும் இத்துணை இடைவெளியை உறுதிசெய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எவ்வாறாயினும், முன்பு ஒரு பிள்ளைக்குத் தந்தையானவன் என்பது ஓர் ஆடவனின் இன்றைய நலத்திற்குச் சான்றாகாது. முதல் மணத்தில் மகவு கண்டவன் மறுமணத்தில் காணாதபோது, புதிய மனைவிமீதே பழி விழுகிறது. ஒருமுறையேனும் கணவனின் விந்தைச் சோதியாமலே தலாக் வரை செல்லும் வழக்குகளை நம் ஜமாஅத்துகள் அறியும்.

கடற்கரை மக்களிடையே இன்னொரு குழப்பமும் உண்டு. யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலவிய நிலமாதலின் விதைப்பையில் நீர் கோத்து வீங்கும் ‘ஓதம்’ ஊரறிந்த நோய். நாளப்புடைப்போ நோவின்றி, ஆடைக்குள் மறைந்து கிடப்பது. கூச்சமும் சேர, அதனைக் காட்டுவோர் சிலரே. 1965இல் செங்கற்பட்டில் மருத்துவக் கல்லூரி தோன்றியபின் தொலைவு தடையன்று; நாணமே தடை.

புடைப்புள்ள அனைவருக்கும் அறுவை வேண்டியதில்லை. விந்துக் குறைபாடும் சேர்ந்திருந்து, பிள்ளை வேண்டுவோருக்கே அது பரிந்துரைக்கப்படுகிறது. ஓர் உயிரணு உருவாகி முதிர எழுபது நாள்களுக்கு மேலாகும். ஆதலின் அறுவைக்குப் பின் மூன்று மாதம் பொறுத்தே மருத்துவர் மறுபடி விந்தைச் சோதிக்கின்றனர்.