கூட்டல் குறியா, சிலுவையா?

போன மாசம் ஆபீசுல ஒரு கூத்து. ஒரு கிளினிக் சாஃப்ட்வேருக்கு ஐகான் தேவைப்பட்டுச்சு. ரொம்ப யோசிக்காம, வெள்ளைப் பின்னணியில சிவப்பா ஒரு கூட்டல் குறியைப் போட்டு அனுப்பிட்டேன். மூணு நாள் கழிச்சு கிளையன்ட் மெயில்: அந்தச் சின்னத்தைப் பயன்படுத்த நமக்கு உரிமை இல்லை, உடனே தூக்குங்க. அட, கூட்டல் குறிக்குக் கூடவா பட்டா போட்டு வச்சிருக்காங்கன்னு கடுப்போட தேட ஆரம்பிச்சேன். அது ஜெனீவா வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு.

1859 ஜூன் 24. வட இத்தாலியில் சோல்ஃபெரினோ. ஒரே நாள் சண்டையில் சுமார் 40,000 பேர் செத்தும் காயம்பட்டும் கிடந்தார்கள். வியாபார விஷயமா அந்தப் பக்கம் போன ஆன்ரி துனான் என்ற ஜெனீவாக்காரர் அதைப் பார்த்து ஆடிப்போனார். ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, எந்தப் படை என்று பார்க்காமல் காயம்பட்டவர்களைக் கவனித்தார். 1862-ல் அதைப் புத்தகமா எழுத, 1863-ல் ஐந்து பேர் கமிட்டி ஒன்று உருவானது. அதுதான் பின்னாளில் செஞ்சிலுவை.

இதுல எனக்குப் பிடிச்ச இடம் சின்னம் பிறந்த காரணம். அதுக்கு முன்னாடியும் படை மருத்துவமனைகளுக்குக் கொடி இருந்தது. ஆனா ஆளுக்கொரு நிறம். எதிரி சிப்பாய்க்கு அது மருத்துவமனைன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொருத்தரும் ஒரு ஃபார்மட் வச்சிருந்தா டேட்டா எப்படிப் போகும்ங்கற நம்ம தினசரித் தலைவலி அதே! 1863 அக்டோபர் மாநாட்டில் வெள்ளைக் கைப்பட்டையில் சிவப்புச் சிலுவை என்று முடிவாச்சு. 1864 ஆகஸ்ட் 22-ல் 12 நாடுகள் கையெழுத்துப் போட்ட முதல் ஜெனீவா ஒப்பந்தத்தில் அதுவே சட்டமாச்சு.

சுவிஸ் கொடியைத் தலைகீழா நிறம் மாத்தினதுதான் இந்தச் சின்னம்னு எல்லாரும் சொல்வாங்க. நானும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். ஆனா 1864 ஒப்பந்தத்தில் இந்த விளக்கமே கிடையாது. 1906-ல் ஒப்பந்தத்தைத் திருத்தினபோதுதான், சுவிட்சர்லாந்துக்கு மரியாதையாக அதன் கொடி நிறங்களை மாற்றி அமைத்தது என்று எழுதிச் சேர்த்தார்கள். கோடு ஓட ஆரம்பிச்சு நாற்பது வருஷம் கழிச்சு டாக்குமெண்டேஷன் எழுதின மாதிரி :-)

ஏன் எழுதினார்கள்? இது மதச் சின்னம் இல்லைன்னு நிறுவ வேண்டிய கட்டாயம். 1876-ல் ஒட்டோமான் அரசு, சிலுவை எங்க முஸ்லிம் வீரர்களைப் புண்படுத்துது, நாங்க செம்பிறை வச்சுக்கறோம்னு சொல்லிடுச்சு. எதிராளியோட சிலுவைக்கு மரியாதை கொடுப்போம்னும் சேர்த்தே சொன்னது. பாரசீகம் சிங்கமும் சூரியனும் கேட்டது. 1929-ல் இரண்டையும் அங்கீகரித்து, ஏற்கெனவே பயன்படுத்தும் நாடுகளுக்கு மட்டும்னு கதவைச் சாத்தப் பார்த்தார்கள். கதவு சும்மா இருக்குமா? ஆப்கானிஸ்தானிலிருந்து மஸ்ஜித் வளைவு, இலங்கையில் ஸ்வஸ்திகம், இந்தியாவில் சக்கரம் என்று யோசனைகள் வந்துகொண்டே இருந்தன. எதுவும் தேறவில்லை. 1949-ல் இஸ்ரேல் கேட்ட தாவீது நட்சத்திரம் நெருக்கமான ஓட்டெடுப்பில் தோற்றது.

நம்ம தமிழையே பாருங்க. 'செஞ்சிலுவை'ன்னு சொன்னதுமே சர்ச் ஞாபகம் வருதா இல்லையா? ஜெனீவாக்காரங்க மனசுல என்ன நினைச்சிருந்தாலும் சரி, 'சிலுவை'ங்கற சொல்லுக்கு இங்கே ஒரே அர்த்தம்தான். 'செங்கூட்டல் சங்கம்'னு பேர் வச்சிருந்தா கேலி பண்ணியிருப்போம், ஆனா யாரும் மதம் பார்த்திருக்க மாட்டாங்க. ஒட்டோமான் காரர்கள் சொன்னதில் நியாயம் இருக்குன்னுதான் எனக்குப் படுது. வரைஞ்சவனைவிட, துப்பாக்கிக் குறியில் அதைப் பார்க்கிறவன் என்ன நினைக்கிறாங்கறதுதான் முக்கியம். அங்கே ஒரு விநாடி சந்தேகம் வந்தா ஆம்புலன்ஸ்ல இருக்கறவன் காலி.

2005 டிசம்பர் 8-ல் ஒருவழியா மூன்றாவது கூடுதல் உடன்படிக்கை வந்தது: செம்படிகம். நுனியில் நிற்கும் சதுரம், உள்ளே வெள்ளை. எந்த மதத்துக்கும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. 2006 ஜூனில் இஸ்ரேலின் சங்கமும் பாலஸ்தீனச் செம்பிறையும் ஒன்றாக இயக்கத்தில் சேர்க்கப்பட்டன. ஈரான் 1980-லேயே செம்பிறைக்கு மாறிட்டாலும், அந்தச் சிங்கம் இன்னும் ஒப்பந்தத்தில் இருக்கு. யாரும் கூப்பிடாத பழைய ஃபங்ஷனை நீக்காம வச்சிருப்போமே, அது மாதிரி.

இன்னொரு விஷயம். சிலுவையின் கை நீளம், அகலம் எதையும் ஒப்பந்தத்தில் வரையறுக்கவில்லை, வேண்டுமென்றே. அளவு சொல்லிட்டா, 'உன் கொடி ரெண்டு இஞ்ச் கம்மி, அதான் சுட்டேன்'னு ஒருத்தன் சொல்லலாமே! ஸ்பெக்ல எதையும் விட்டுவைக்கக் கூடாதுன்னு காலேஜ்ல சொல்லிக்கொடுத்தாங்க. இங்கே விட்டுவச்சதுதான் பாதுகாப்பு.

நம்ம ஊரிலும் இதுக்குச் சட்டம் உண்டு. 1960-ன் ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி, அனுமதியில்லாமல் இந்தச் சின்னத்தைப் போடுவது குற்றம். மருந்துக்கடை, கிளினிக் யாரா இருந்தாலும் சரி.

ஐகானை பச்சையில் வெள்ளைச் சிலுவையா மாத்திட்டேன். முதலுதவிக்கு அதுதான் சர்வதேசக் குறி. எங்க தெருமுனை டாக்டர் கார் கண்ணாடியில மட்டும் இன்னும் சிவப்புதான் ஒட்டியிருக்கு. சொல்லிடலாம்னுதான் பார்க்கறேன், ஆனா ஊசி போடற மனுஷன்கிட்ட எதுக்கு வம்பு...