வேலை உடன்படிக்கையின் சரித்திரம்

ஒருவன் பிறனிடத்தில் வேலைக்கமருங்கால் இருவருக்கும் இடையே ஏற்படும் பொருத்தமே உடன்படிக்கையாம். அஃது இரு திறத்தாரையும் ஒப்பக் கட்டுதல் வேண்டும் என்பது நியாயம். ஆயினும் நம் தேசத்தில் அது நெடுங்காலம் உழைப்பாளியை மட்டும் பிணிக்குங் கயிறாகவே இருந்தது. கூலிக்கும் சம்பளத்திற்கும் உழைக்கும் குடும்பங்கள் நம்மவருள் மிகுதியாதலின், அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைகின்றாம்.

1859-ஆம் வருஷத்தில் 13-வது சட்டம் பிறந்தது. கல்கத்தா வியாபார சங்கத்தாரின் விண்ணப்பமே அதற்கு மூலம். முன்பணம் பெற்ற கைத்தொழிலாளியோ கூலியாளோ தக்க காரணமின்றி வேலையை விட்டு நீங்கினால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்புவதா, வேலையை முடிப்பதா என்பது முறையிட்டவர் விருப்பம். வேலையை முடிக்கும்படியான உத்தரவை மீறியவனுக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்கலாம். முதலாளி சொல் தவறினாலோ, அவருக்கு அச்சட்டத்தில் யாதொரு தண்டனையும் இல்லை! அறுபத்தாறு ஆண்டுகள் நிலைத்த இச்சட்டம், 1925-இல் இயற்றிய ரத்துச் சட்டத்தால் 1926 ஏப்ரல் முதல் தேதி ஒழிந்தது.

உடன்படிக்கை என்னும் ஆயுதம் தலைவர்கள் மீதும் பாய்ந்ததுண்டு. 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பி. பி. வாடியா அதன் தலைவர், திரு. வி. கலியாணசுந்தரனார் உபதலைவர். 1920-இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையார், வாடியா முதலியோர் தொழிலாளரை உடன்படிக்கை மீறத் தூண்டினரென்று உயர் நியாயஸ்தலத்தில் வழக்கிட்டுத் தடையுத்தரவு பெற்றனர். இதனாலெழுந்த கிளர்ச்சியின் பின்னரே, 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் பதிவுபெற்ற சங்கத்தாருக்கு அத்தகைய வழக்கினின்று பாதுகாப்பளித்தது.

அதன்பின் எழுதிய ஷரத்து உழைப்பாளிக்கும் துணையாகத் தொடங்கிற்று. 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், குறித்த நாளில் கூலி கொடுக்கவேண்டுமென்றும், அபராதம் ரூபாய்க்கு அரையணாவை விஞ்சலாகாதென்றும் விதித்தது. 1946-ஆம் வருஷத்து நிலையாணைச் சட்டம், நூறு பேருக்குக் குறையாத தொழிலகங்கள் வேலை நிபந்தனைகளை எழுத்தில் வகுத்து, தொழிலாளரிற் பெரும்பாலார் அறிந்த பாஷையிலும் வாயிலருகே வைக்கவேண்டுமென்றது. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கடனுக்காக ஆளையே கட்டிவைக்கும் வழக்கத்தை அறுத்தது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்கள் பல நான்கு தொகுப்புச் சட்டங்களுள் அடங்கின. அவற்றின்படி, பத்துப் பேருக்குக் குறையாத ஸ்தாபனங்கள் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாந்தேதிக்குள் சேரவேண்டும். வேலையினின்று நீங்கியவருக்குப் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாட்களுக்குள் தீரவேண்டும்.

அன்பர்களே! முன்னோர் முன்பணத்தின் பொருட்டு, தாம் வாசித்தறியாத காகிதத்தில் கைந்நாட்டு வைத்துச் சிறை புகுந்தனர். நம் மக்களோ எழுத்தறிந்தவர்கள். ஆதலின் ஆணாயினும் பெண்ணாயினும், சம்பளம், வேலை நேரம், விடுமுறை, நீங்கும் விதி ஆகியவற்றை வாசித்தறியாது கையொப்பமிடலாகாது. நகலொன்றை வீட்டில் பத்திரப்படுத்துக. வாசிக்கத் தெரியாத அயலாருக்கு வாசித்துக் காட்டுதலும் நம் கடமையேயாம்.