கணையாழியும் சிம் அட்டையும்

அசோக வனத்தில் அனுமனைக் கண்ட சீதை அவனை உடனே நம்பிவிடவில்லை. துறவி வேடத்தில் வந்த இராவணனால் முன்பே வஞ்சிக்கப்பட்டவள் அவள். இராமனின் கணையாழியைக் கண்டு தெளிந்தாள். பின்னர், இராமனிடம் காட்டுவதற்கெனத் தன் சூடாமணியை அனுமனிடம் கொடுத்தனுப்பினாள். சான்று இரு பக்கத்தும் சென்றது. கைப்பேசி வலையமைப்புகளோ இம்முறையைப் படிப்படியாகவே கைக்கொண்டன.

தெம்பனிஸ் வட்டார நூலகம் திறக்கப்பட்ட 1994ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் ஜிஎஸ்எம் என்னும் இரண்டாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவையும் தொடங்கியது. அதன் கணையாழி சிம் அட்டை. அட்டைக்குள் 128 பிட் நீளமுள்ள இரகசிய எண் ஒன்று பதிந்திருக்கும். அதன் படி நிறுவனத்திடமும் இருக்கும். வலையமைப்பு ஏதேனும் ஓர் எண்ணை அனுப்ப, அட்டை அதனை இரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பியனுப்பும். இரகசியம் வான்வழியே செல்வதில்லை.

ஏற்பாடு சிறந்ததே, ஆயினும் ஒரு குறை இருந்தது. வலையமைப்பு தன்னை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எனவே, போலிக் கோபுரம் அமைத்தவரிடமும் கைப்பேசி தன் நிரந்தர அடையாள எண்ணைச் சொல்லிவிடும். மூன்றாம் தலைமுறை இருதரப்புச் சான்றைக் கட்டாயமாக்கியது. ஐந்தாம் தலைமுறைத் தரம் அந்த அடையாள எண்ணையும் மறைத்து அனுப்ப வழிசெய்தது. தெம்பனிஸ் நூலகம் புதிய வளாகத்திற்கு இடம்பெயர்ந்த 2017ஆம் ஆண்டில், சிங்கப்பூரின் இரண்டாம் தலைமுறைச் சேவை முடிவுற்றது.

எனினும் பழைய குறை குறுஞ்செய்தியில் நீடித்தது. அனுப்புநர் பெயரை எவரும் புனைந்துகொள்ள முடிந்தது. 2021 டிசம்பரில், ஒரு வங்கியின் மெய்யான செய்திகளுக்கிடையே போலிச் செய்திகளும் வந்து சேர்ந்தன. அவற்றை நம்பிய ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். அதன்பின், வங்கிகள் குறுஞ்செய்திகளில் இணைப்பு அனுப்புவதைக் கைவிட்டன. 2023 ஜனவரி முதல், நிறுவனங்கள் தம் பெயரில் குறுஞ்செய்தி அனுப்பப் பதிவு கட்டாயமாயிற்று.

இழந்தவர்களை அறியாதவர்கள் என்று எள்ளுதல் முறையன்று. அவர்களிடம் கடவுச்சொல் கேட்ட அமைப்பு, தன்னை மெய்ப்பிக்கும் வழியை அவர்களுக்குத் தந்திருக்கவில்லை. மாணவர்க்குக் கடவுச்சொல்லைக் காக்கக் கற்பிக்கும் நாம், அதைக் கேட்பவர் யாரெனச் சீதையைப்போல் ஐயுற்று வினவவும் கற்பித்தல் வேண்டும்.