சொல்லுக்கு வெளியே நின்றவர்கள்

சட்டத்தில் ஆண்பாற் சொல் ஒன்று வருமாயின், அதனுள் பெண்ணும் அடங்குவாளா? இலக்கண ஐயம்போல் தோன்றும் இவ்வினா, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நீதிமன்றங்களில் நின்று வாதாடிய வரலாற்றை நாம் எண்ணிப் பார்ப்பது நன்று.

1850-இல் பிரித்தானிய நாடாளுமன்றம், சட்டங்களின் நடையைச் சுருக்கும் பொருட்டு ஒரு விதி வகுத்தது. வெளிப்படையாக விலக்கப்படாதவிடத்து, ஆண்பாற் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்பதே அது. 1867-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம், ஆண் என்றும் மனிதன் என்றும் இருபொருள் தரும் ‘மேன்’ என்ற சொல்லால் வாக்குரிமையை வழங்கிற்று. அதனை ‘நபர்’ என மாற்றுமாறு ஜான் ஸ்டூவர்ட் மில் கொணர்ந்த திருத்தத்திற்கு 73 வாக்குகளே கிடைத்தன. எதிராக விழுந்தவை 196.

ஆயினும் மான்செஸ்டர் நகரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், 1850-இன் விதியை நம்பி வாக்காளர் பட்டியலில் இடம் கோரினர். 1868 நவம்பரில் நீதிமன்றம் மறுத்தது. பெண்கள் வாக்களிக்கும் வழக்கம் இருந்ததில்லை. ஆகவே அச்சொல் இங்கு அவர்களைக் குறிக்காது என்றது. தண்டிக்கும் சட்டத்தில் பெண்ணையும் கட்டிய அதே சொல், உரிமை வழங்கும் சட்டத்தில் அவளைக் கைவிட்டது.

அப்படியானால் ‘நபர்’ என்று எழுதியிருந்தால் போதுமா? அதுவும் போதவில்லை. கனடாவின் 1867-ஆம் ஆண்டு அரசமைப்பு, மேலவைக்குத் ‘தகுதியுள்ள நபர்களை’ அழைக்கலாம் என்றது. ஆல்பர்ட்டா மாநிலப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கில், அச்சொல்லில் பெண்கள் அடங்கார் என 1928-இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1929 அக்டோபர் 18 அன்று இலண்டன் பிரிவி கவுன்சில் அதனை மாற்றியது. தீர்ப்பை வழங்கிய சாங்கி பிரபு, அரசமைப்பை வளரும் மரத்திற்கு ஒப்பிட்டார். மறு ஆண்டே கெய்ரீன் வில்சன் மேலவையில் அமர்ந்தார். வழக்கை முன்னின்று நடத்திய எமிலி மர்ஃபியோ, அவ்விருக்கையை எய்தாமலே 1933-இல் மறைந்தார்.

2023-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம், ஆளுநரின் மறுப்பையும் மீறி, ‘ஆண்’, ‘பெண்’ ஆகிய சொற்களை உடற்கூற்றின் அடிப்படையில் வரையறுத்துச் சட்டம் இயற்றியது. பெண்களுக்குரிய இடங்களைக் காப்பது இது என்கின்றனர் ஆதரிப்போர். திருநர்களைப் புறந்தள்ளுவது என்கின்றனர் எதிர்ப்போர். சொல்லின் எல்லை குறித்த வழக்கு இன்னும் தீரவில்லை.

வரையறையின்றிச் சட்டம் இயங்காது. இதனை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் 1867-இல் அந்த ஒரு சொல்லின்மீது வாக்களித்த அவையில் பெண் ஒருத்தியும் இல்லை. எல்லை வகுப்போர், எல்லைக்கு அப்பால் நிற்கப்போகிறவரின் குரலையும் முன்னரே கேட்டல் வேண்டும். அவ்வாறு கேளாமையின் விலையை, அறுபது ஆண்டுக் காத்திருப்பாகப் பெண்கள் செலுத்தினர் என்பதே நாம் காணும் வரலாறு.