முதல் சப்தத்தின் சரித்திரம்

உதிரி பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கித் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரை இணைத்து முடித்தவன், பொத்தானை அழுத்திய பிறகு விசிறி மட்டும் சுழன்று திரை இருண்டே கிடக்கக் காணும்போது அடையும் கலக்கம், இந்தத் தொழிலோடு கூடப் பிறந்ததாகும். 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையின் அட்டையில் இடம்பெற்று, அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரிலிருந்து எட் ராபர்ட்ஸ் என்பவரால் 397 டாலருக்கு விற்கப்பட்ட ஆல்டேர் 8800, உதிரி உறுப்புகளாகவே தபாலில் வந்தது. 256 பைட் நினைவகமே கொண்ட அந்த யந்திரத்துக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. ஈயம் பற்றவைத்து ஓய்ந்தவன், முகப்பிலுள்ள சிறு விளக்குகள் எரியும் விதத்தைக் கொண்டே, குற்றம் தன் பற்றவைப்பிலா, சில்லிலா என்று அநுமானிக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மார்ச் 5-ஆம் தேதி கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கார்க் கொட்டகையில் தொடங்கிய ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பைச் சேர்ந்த ஸ்டீவ் டாம்பியர், தம் ஆல்டேரின் அருகே ஒரு ரேடியோவை வைத்து, யந்திரத்தின் மின்னிரைச்சலையே பாட்டாக ஒலிக்கச் செய்தது பிரசித்தமான சம்பவம்.

யந்திரம் தன் நிலையைத் தானே சொல்லும் ஏற்பாடு, 1981 ஆகஸ்டு 12-ஆம் தேதி வெளியான ஐ.பி.எம். பி.சி.யில் முறையாக அமைந்தது. மின்சாரம் பாய்ந்ததும், பயாஸ் என்னும் நிரந்தரக் கட்டளைத் தொகுதி உறுப்புகளை வரிசையாகப் பரீட்சித்து, யாவும் க்ஷேமமென்றால் 'பீப்' என்று ஒரே குறுஞ்சப்தம் எழுப்பும். நினைவகத்தில் குறையிருந்தால் 201 என்றும், விசைப்பலகையில் குறையிருந்தால் 301 என்றும் திரையில் எண் தோன்றும். திரையே ஒளிபெறாவிட்டால்? ஒரு நெடிலும் இரண்டு குறிலுமாகச் சப்தம் கேட்டால், திரைக்குரிய அட்டையில் பழுதென்று பொருள். இதனினும் மகத்தான உபகாரம், அந்நிறுவனம் பயாஸின் மூலக்கட்டளைகளையும் மின்சுற்று வரைபடங்களையும் கையேட்டில் அச்சிட்டு வெளியிட்டதே என்பது என் அபிப்பிராயம். 1982-இல் காம்பாக் முதலிய நிறுவனங்கள் தாமே புதிதாக எழுதிய பயாஸுடன் ஒத்த யந்திரங்களை நிர்மாணிக்க முற்பட, உறுப்புகள் தனித்தனியே கடைக்கு வந்தன. நம் சென்னையில் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெரு அந்த வியாபாரத்தின் க்ஷேத்திரமாயிற்று.

அக்காலத்து மெக்கானிக்குகள் முதலில் பார்த்தது பவர் சப்ளையிலிருந்து வரும் பி8, பி9 என்னும் இரு செருகிகளைத்தான். இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும். இடம் மாறினால் மதர்போர்டு கருகிவிடும். 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறை, தவறிச் செருக முடியாத ஒரே செருகியால் அந்த அபாயத்தை நீக்கிற்று. ஆனால் பென்டியம் 4 காலத்தில் பிராசஸருக்கென்று 12 வோல்ட் செருகி தனியே வந்து சேர, அதை மறந்துவிட்டு 'டிஸ்ப்ளே வரவில்லை' என்று வருந்துவோர் இன்றும் உளர்.

மெக்கானிக்குகளின் மற்றொரு பரீட்சையை நான் பெரிதும் மதிக்கிறேன். ரேம் என்னும் நினைவகத்தைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, கொக்கி 'டிக்' என்று விழும்வரை அழுத்திய பின்னும் பயனில்லையானால், ரேமை அறவே எடுத்துவிட்டு மின்சாரம் கொடுப்பார்கள். அப்போது யந்திரம் 'பீப், பீப்' என்று முறையிட்டால் பிராசஸரும் மதர்போர்டும் ஜீவனோடிருக்கின்றன என்பது நிச்சயம்; மௌனம் சாதித்தால் குற்றம் அவ்விரண்டிலோ பவர் சப்ளையிலோ இருக்கும். ஒரே கேள்வியால் பாதி உறுப்புகளைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கும் இந்த யுக்திக்கு ஈடான கருவியை நான் அறியேன்.

இப்பொழுதோ பல மதர்போர்டுகளோடு அந்தச் சப்தத்தை எழுப்பும் சிறு ஸ்பீக்கர் வருவதில்லை. சிறு விளக்குகளே சமிக்ஞை காட்டுகின்றன. டி.டி.ஆர். 5 நினைவகமோ முதல் தடவை தன்னைச் சீர்செய்துகொள்ளச் சில நிமிஷங்கள் திரையை இருட்டிலேயே வைத்திருக்கும். அதை அறியாமல் மின்சாரத்தை நிறுத்திவிடுவது பெரும் பிழை. ஆகவே, சொந்தமாகக் கம்ப்யூட்டர் இணைக்க விரும்பும் வாசகர்கள், ஸ்பீக்கருக்குரிய ஊசிகள் உள்ள மதர்போர்டையே தேர்ந்து, சொற்ப விலையுள்ள அந்த ஸ்பீக்கரையும் கூடவே வாங்கிச் செருகிவிட்டு, அதன் பிறகே பொத்தானை அழுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.